வெள்ளையடிக்காத சுவர்

போன வாரம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இன்றைக்கு அங்கே தபால் பிரிவில் இருப்பவர். நான் பல வருடம் உட்கார்ந்திருந்த அதே இடம். ஊழியர் சங்கம் ஒரு மலர் போடுகிறதாம், பழையவர்கள் ஆளுக்கொரு அனுபவக் கட்டுரை எழுதித் தர வேண்டுமாம்.

"எழுதறதுக்கு என்னங்க இருக்குது என்கிட்ட? வந்த காயிதத்துக்கு நம்பர் போட்டேன், போற காயிதத்துக்கு ஸ்டாம்பு ஒட்டினேன்" என்றேன்.

அவர் விடவில்லை. அலுவலக வராந்தாவில் புதிதாக ஓர் இரும்புப் பெட்டி மாட்டியிருக்கிறார்களாம். அலுவலகத்தில் நடக்கும் முறைகேட்டை யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம், எழுதியவர் பெயர் ரகசியமாக வைக்கப்படும் என்று அதன்மேல் பெயிண்டில் எழுதியிருக்கிறதாம். உள்ளதைச் சொல்கிற ஊழியனைக் காப்பாற்ற இப்போது சட்டமே இருக்கிறது என்றும் சொன்னார். "உங்க காலத்துல இதெல்லாம் ஏதுங்கய்யா? அதைப் பத்தி ரெண்டு வார்த்தை எழுதுங்க."

"பெட்டிச் சாவி யாருகிட்ட இருக்குது?" என்று கேட்டேன்.

"ஆபீசர்கிட்டத்தானுங்க. வேற யாருகிட்ட இருக்கும்?"

காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை. மறுநாள் காகிதத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். அவர் கேட்டது இந்தக் கட்டுரை அல்ல என்று தெரியும். ஆனால் என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

எந்த ஊர், எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. கோயமுத்தூருக்குக் கிழக்கே, பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில், சுகாதாரத் துறையின் ஒரு சிறிய அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நயா பைசா வந்திருக்கவில்லை. அணாக் கணக்குதான். கரண்டும் வந்திருக்கவில்லை. முதல் வருடம் கற்றுக்கொண்டதைச் சொல்லப்போனால் இரண்டே விஷயம். நம்பர் விழாத காகிதம் காகிதமே இல்லை என்பது ஒன்று. அரசாங்க ஊழியன் தன் அதிகாரியைத் தாண்டி மேலே ஒரு வரிகூட எழுதக்கூடாது என்பது இன்னொன்று. மனுவின் தலையில் 'த்ரூ ப்ராப்பர் சேனல்' என்று எழுதித் தன் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் பார்த்து மேலே அனுப்புவார்.

"அந்த அதிகாரி மேலயே புகார்னா யார்கிட்டங்க குடுக்கறது?" என்று அப்போதைய ஹெட்கிளார்க்கிடம் வெகுளியாகக் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்படி ஒரு மனு வராது" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான் என் பயிற்சி.

சேர்ந்து நாலைந்து வருடத்தில் வந்து சேர்ந்தார் நான் சொல்லப்போகிற அதிகாரி. அவரைக் கொடுமைக்காரர் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். அத்தனை மரியாதை. பியூனைக்கூட 'வாங்க', 'உட்காருங்க' என்றுதான் கூப்பிடுவார். காலையில் உள்ளே வரும்போதே ஒவ்வொருவரிடமும் "சாப்புட்டாச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். பதினோரு மணிக்கு நான் தபால் கட்டைக் கொண்டுபோய் வைப்பேன். கட்டை அப்படியே குப்புறக் கவிழ்ப்பார். ஒவ்வொன்றாகத் திருப்பி, கடைசி வரி வரைக்கும் படித்து, வலது மூலையில் சிவப்புப் பென்சிலால் சின்னதாக ஒரு சுழி போடுவார். ஒரு காகிதத்தையும் படிக்காமல் விட்டு நான் பார்த்ததில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே இடது கைக் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். வைத்தாரென்றால் அன்றைக்கு யாருக்கோ கேடு. குரல் அப்போதும் உயராது. இன்னும் கொஞ்சம் குழையும்.

அப்போது அம்மை குத்துவதுதான் எங்கள் அலுவலகத்தின் முக்கியமான சோலி. அம்மைப்பால் மதராஸிலிருந்து ரயிலில் வரும். சுண்டு விரலைவிட மெலிந்த கண்ணாடிக் குழல்களில் அடைத்து, மரத்தூளும் ஐஸும் வைத்துக் கட்டியிருப்பார்கள். வெயிலில் அது நாலு நாள் தாங்காது. சத்துப் போய்விடும். போனது பார்த்தால் தெரியாது. குத்தி ஏழாம் நாள் போய்க் குழந்தையின் கையைப் பார்த்தால்தான் தெரியும். கொப்புளம் எழும்பியிருந்தால் பால் நல்ல பால். எழும்பாவிட்டால் குத்தியும் குத்தாதது மாதிரிதான்.

பாலைக் குளிர வைப்பதற்கென்று அரசாங்கம் எங்களுக்கு ஓர் ஐஸ் பெட்டி கொடுத்தது. மண்ணெண்ணெய் விளக்கு எரிந்து ஓடுகிற பெட்டி. தீ எரிந்தால் பெட்டி ஏன் குளிர்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. இரண்டு மாதம் அலுவலக வராந்தாவில் இருந்திருக்கும். "ஆபீஸ்ல திருட்டுப் பயம் பாருங்க, கொஞ்ச நாளைக்கு என்ற ஊட்டுல இருக்கட்டுமுங்க" என்றார் அதிகாரி. வண்டியில் ஏறிப் போய்விட்டது. பாலும் கூடவே போனது. ஆனால் அவர் வீட்டம்மா ஆசாரம் பார்க்கிறவர். அது கன்றுக்குட்டியின் தோலிலிருந்து எடுக்கிற பால் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தயிரும் பூவும் வைக்கிற இடத்தில் அது இருக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெட்டி அங்கேயே தங்கியது. பால் மட்டும் திரும்பி வந்தது. வந்த பாலை ஈரமணல் பானைக்குள் வைத்து மேலே கோணிச்சாக்கைப் போட்டு மூடினோம். மூன்று வருடம் இப்படி ஓடியது.

வருடத்துக்கு ஒரு தடவை இருப்புச் சரிபார்க்க வேண்டும். அதுவும் என் வேலை. ஐஸ் பெட்டி, ஒன்று. பார்த்தேன், இருக்கிறது. கையெழுத்து. மூன்று வருடமும் போட்டேன்.

சென்னியப்பன் எங்கள் அலுவலகத்து அம்மை குத்துகிறவர்களில் ஒருவர். சென்னிமலைப் பக்கத்து ஆள். சைக்கிளின் பின்னால் ஒரு தகரப் பெட்டி, அதில் ஸ்பிரிட் விளக்கு, வட்ட ஊசி, பஞ்சு. காலை ஆறு மணிக்கு மிதிக்க ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் இரண்டு ஊர் முடித்துவிடுவார். மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டிருக்கும் நாளில் எந்த ஊரிலும் உள்ளே விடமாட்டார்கள். கம்பம் பிடுங்கிய மறுநாளே போய் நிற்பார். சனங்கள் பயந்தால், முதலில் தன் கையில் குத்திக் காட்டுவார். இப்படி ஊருக்கு ஊர் குத்திக் குத்தி அவருடைய இடது கை முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். "மாரியாத்தா என்ற கையப் பாத்தா, இங்க இடமில்லேன்னு போயிருவாளுங்க" என்று சிரிப்பார்.

இந்த மனுஷனிடம் ஒரே ஒரு குறை. எழும்பாததை எழும்பவில்லை என்றுதான் எழுதுவார். மற்றவர்கள் ஏழாம் நாள் போனாலும் போகாவிட்டாலும் 'எழும்பியது' என்று பக்கத்தை நிரப்பிவிடுவார்கள். சென்னியப்பனின் பதிவேட்டில் மட்டும் பாதிக்கு மேல் 'எழும்பவில்லை, மறுபடி குத்த வேண்டும்'. மறுபடி போய்க் குத்துவார். மறுபடியும் எழும்பாது. எப்படி எழும்பும்? பால் செத்துப் பல நாளாகியிருக்கும்.

முதலில் முறைப்படி அதிகாரியிடமே எழுதிக் கொடுத்தார், ஐஸ் பெட்டி அலுவலகத்துக்கு வந்தால் நல்லது என்று. அதிகாரி சுழி போட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டார். மூன்று மாதம் பார்த்துவிட்டு ஒரு மத்தியானம் சென்னியப்பன் என் மேசைக்கு வந்தார்.

"கிளார்க்கய்யா, மதராசுக்கு எழுதலாமுன்னு இருக்கறனுங்க. பேரு போடாம எழுதுனா நடக்குமுங்களா?"

"மொட்டைக் கடுதாசிய யாருங்க படிப்பாங்க? கிழிச்சு எறிஞ்சுபோடுவாங்க. பேரைப் போடுங்க. மேல இருக்கறவங்க பெரியவங்க. ரகசியமா வெச்சுக்குவாங்க."

என் வாயால் சொன்னேன். அதோடு நின்றேனா? அவர் எழுதியதை வாங்கிப் பார்த்து, இரண்டு இடத்தில் திருத்தி, கடைசியில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று சேர்க்கவும் சொன்னேன். காகிதம் அழகாக இருக்க வேண்டுமே! அதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து, "போட்டுட்டனுங்க" என்று குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

மூன்று வாரம் கழித்து மதராஸிலிருந்து ஓர் உறை வந்தது. வெளியுறையைப் பிரித்தேன். உள்ளே இன்னோர் உறை, மேலே 'ரகசியம்' என்று சிவப்பு முத்திரை, எங்கள் அதிகாரியின் பதவிப் பெயர். உள்ளுறையை நான் பிரிக்கக் கூடாது. கொண்டுபோய் வைத்தேன். அவர் எடுத்து, பேனாக்கத்தியால் ஓரத்தை நறுவிசாகக் கிழித்து, உள்ளே இருந்ததை விரித்தார். எதிரே நின்ற எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாக இருந்தாலும் சென்னியப்பனின் எழுத்து எனக்குத் தெரியாதா? நான் திருத்திய இரண்டு இடமும் அப்படியே இருந்தன. நகல்கூட இல்லை, அசல். மேலே ஒரு துண்டுச் சீட்டைக் குத்தியிருந்தார்கள். தங்கள் அறிக்கைக்காக அனுப்பப்படுகிறது. அவ்வளவுதான் வாசகம்.

அதுதான் வழக்கம். யார் மேல் புகாரோ அவரிடமே அனுப்பி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்பது. வெளியார் மனுக்கள் எத்தனையோ அப்படி வந்து நானே நம்பர் போட்டிருக்கிறேன். சொந்த ஊழியன் ஒருவன் பேரைப் போட்டு எழுதினாலும் அதே கதிதான் என்று எனக்கு மட்டும் எப்படித் தோன்றாமல் போனது! ரகசியம் என்பது சென்னியப்பனைக் காப்பாற்ற என்று நினைத்திருந்தேன்.

அதிகாரி கடைசி வரி வரைக்கும் படித்தார். கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சென்னியப்பனை ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்க."

அவர் வந்ததும் நாற்காலி காட்டினார். பியூனை விட்டு மோர் வாங்கிவரச் சொன்னார். "குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க. எழுதறது உங்க உரிமைங்க. நான் தப்பா நினைக்கலே" என்றார். சென்னியப்பன் மேசைமேல் கிடந்த தன் காகிதத்தைப் பார்த்தார். பிறகு கதவருகில் நின்ற என்னைப் பார்த்தார். மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

அடுத்த நாளே மாட்டு வண்டியில் ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. ஜமுக்காளம் போட்டு மூடிக் கொண்டுவந்தார்கள். திறந்தால் உள்ளே தயிர் வாசம். துடைத்து, விளக்கேற்றி, பானைக்குள் இருந்த பாலையெல்லாம் அடுக்கினோம். எட்டாம் நாள் மதராஸ் உத்தரவின்பேரில் விசாரணைக்கு வேறு மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பெட்டியைத் திறந்தார், கையை வைத்துப் பார்த்தார், சில்லென்றிருந்தது. இருப்புப் புத்தகத்தைக் கேட்டார். கொடுத்தேன்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"இந்தப் பெட்டி வந்ததிலேர்ந்து இங்கேதான் இருக்கா?"

"இங்கேதானுங்க."

அப்போது ஓரமாக நின்ற சென்னியப்பன் பேசினார். நடுக்கமில்லாத குரல். "சார், அந்தச் சுவத்தைக் கொஞ்சம் பாருங்க. மண்ணெண்ணெய் எரியற பெட்டிங்க. மூணு வருசமா இங்க எரிஞ்சிருந்தா பொறத்தால சுவரு கறுத்திருக்கோணுமில்லீங்களா?"

எல்லாரும் சுவரைப் பார்த்தோம். லேசாக ஒரு கை அகலத்துக்கு மட்டும் புகை படிந்திருந்தது, எட்டு நாள் புகை. மற்றபடி வெளேரென்று இருந்தது. எங்கள் அதிகாரியின் முகம் முதல் தடவையாக வெளுத்ததைப் பார்த்தேன். கடிகாரம் கையிலேயே இருந்தது, அதைக் கழற்றவும் அவருக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு நிமிஷம் சென்னியப்பன் ஜெயித்துவிட்டார்.

விசாரணை அதிகாரி என் பக்கம் திரும்பினார். "சமீபத்திலே வெள்ளையடிச்சீங்களா?"

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதிகாரி கண்ஜாடைகூடக் காட்டவில்லை. பெட்டியைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்றுதான் எங்களுக்குள் பேச்சு. சுவரைப் பற்றி எவனுக்கும் நினைவில்லை. "தெரியாதுங்க" என்று சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.

"போன வாரந்தானுங்க வெள்ளையடிச்சம்" என்றேன்.

எழுதிக்கொண்டார். சென்னியப்பன் என்னைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்று வருடக் கையெழுத்து என் கழுத்தைப் பிடித்தது உண்மை. வீட்டில் வயதான அப்பா, கைக்குழந்தை, அதுவும் உண்மை. ஆனால் அந்தப் பொய் அத்தனை சுலபமாக வந்தது. யோசிக்காமலே வந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

சென்னியப்பன் மேல் மூன்று குற்றம் சாட்டினார்கள். மேலதிகாரியைத் தாண்டி மனு செய்தது ஒன்று. பொய்ப் புகார் ஒன்று. மூன்றாவதைக் கேளுங்கள்: அந்த அலுவலகத்திலேயே எழும்பாத கணக்கு அதிகம் இருப்பது அவருடைய பதிவேட்டில்தான், ஆகவே வேலையில் அக்கறை இல்லாதவர். பொய்யாக நிரப்பியவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். உள்ளதை எழுதியவர் கையாலாகாதவர். வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். உத்தரவை அவர் கையில் கொடுத்து ஒப்பம் வாங்கியதும் நான்தான்.

"எங்க போடோணுமுங்க கையெழுத்து?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கோடையில் வெள்ளைக்காட்டுப்புதூர் என்ற சின்ன ஊரில் பெரியம்மை கண்டது. சென்னியப்பன் பார்த்துக்கொண்டிருந்த ஊர். பதிவேடுகளை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போக வேண்டியதாயிற்று. ஒரு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அந்த வீட்டில் பாப்பாத்தி என்ற நாலு வயதுப் பெண் குழந்தை முந்தின நாள் இறந்திருந்தது. பதிவேட்டில் பெயரைத் தேடினேன். சென்னியப்பனின் கையெழுத்தில் 'எழும்பவில்லை, மறுபடி குத்த வேண்டும்' என்றிருந்தது. அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் அவருக்குப் பிறகு வந்தவரின் எழுத்தில் 'எழும்பியது'.

குழந்தையின் தாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தச் சென்னியப்பண்ணன் மறுக்கா வாரேன்னு சொல்லிப்போட்டுப் போனாருங்க. கம்பம் புடுங்குன ஒடனே வாரேன்னாரு. ஏனுங்க, அவரு ஏங்க வல்லே?"

நான் பதிவேட்டை மூடினேன். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். வேறு யாருக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சென்னியப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலை போய் ஒரு மாதத்துக்குமேல் ஆகியிருந்தது. மதராஸுக்கு மேல்முறையீடு எழுதியிருந்தார். கெடு முடிய பதினெட்டு நாள்தான் பாக்கி. அதற்குள் சாட்சியம் ஏதாவது போய்ச் சேர வேண்டும்.

"நெம்பக் கேக்கலீங்க. பெட்டியப் பத்திக்கூட நீங்க எழுத வேண்டாமுங்க. உங்களுக்குக் கஷ்டம். அந்தச் சுவத்துக்கு வெள்ளையடிக்கலே, அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. மிச்சத்தை அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

எனக்காக யோசித்து, எனக்குக் குறைந்த கஷ்டம் எதுவோ அதை மட்டும் கேட்டார். என் மனைவி அடுக்களைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காட்டுப்புதூரில் நடந்ததை அவளிடம் ஏற்கனவே சொல்லியிருந்தேன். அவர் போனதும் வந்தாள். வேண்டாம் என்று சொல்வாள், அதைச் சாக்காக வைத்துக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை எனக்கு.

"ஏனுங்க, எழுதிக் குடுத்துப்போடுங்க. வேலை போனா போகட்டும். எங்கப்பனூட்டுத் தோட்டத்துல களை வெட்டிப் பொழைச்சுக்கலாம். அந்தக் கொழந்தையப் பெத்தவளுக்கு ஒரு பதில் வேண்டாமுங்களா?"

எழுதினேன். ஒரு வரி அல்ல, ஒரு பக்கம். பெட்டி எங்கே இருந்தது, எப்போது வந்தது, சுவருக்கு வெள்ளையடிக்கவில்லை, நான் சொன்னது பொய், எல்லாம் எழுதினேன். வாழ்நாளில் நான் எழுதியதில் அதுதான் நல்ல காகிதம்.

இனிமேல்தான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அந்தக் காகிதத்தை சென்னியப்பன் கையில் கொடுத்திருக்கலாம். இல்லை, தபால் ஆபீஸில் உறை வாங்கி நானே மதராஸுக்குப் போட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அலுவலகக் காகிதம், வெளியாளிடம் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். சென்னியப்பன் இப்போது வெளியாள்தானே! நேரே அனுப்பினால் அவர்மேல் சாட்டிய அதே முதல் குற்றம் என் மேலும் வரும், காகிதத்துக்கு மதிப்பும் போய்விடும் என்று நினைத்தேன். தலைப்பில் 'த்ரூ ப்ராப்பர் சேனல்' என்று முத்து முத்தாக எழுதி, மறுநாள் பதினோரு மணிக்குத் தபால் கட்டோடு சேர்த்து அதிகாரியின் மேசைமேல் வைத்தேன்.

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. ஆனால் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும். அத்தனை வருடம் ஒரே வாசலில் நுழைந்து பழகியவனுக்குச் சுவரில் வேறு வாசல் இருப்பது கண்ணில் படாது. பழக்கம் என்று சொல்கிறேன். பயம்தான். பழக்கத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தது.

அதிகாரி கட்டைக் கவிழ்த்தார். ஒவ்வொன்றாகத் திருப்பினார். என் காகிதம் வந்தது. கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கடிகாரத்தைத் திரும்ப எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"எழுத்து நெம்ப லட்சணமா இருக்குதுங்க. முறையா எங்கிட்டக் குடுத்தீங்க பாருங்க, அதாங்க உங்க நல்ல குணம். மேல அனுப்பிடலாமுங்க."

மேசை இழுப்பறையில் வைத்து மூடினார்.

அலுவலகத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு உறையும் என் கையால் நம்பர் வாங்கித்தான் போக வேண்டும். ஆகவே அது போகவில்லை என்பது எனக்குத் தெரியும். இன்று போகவில்லை. நாளையும் போகவில்லை. பதினெட்டு நாள் அந்த இழுப்பறையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்னொரு பிரதி எழுத ஒரு மணி நேரம் ஆகுமா? தபால் ஆபீஸ் எதிர்ச் சாரியில்தான் இருந்தது. "அனுப்பியாச்சுங்களா?" என்று வீட்டில் கேட்டாள். "குடுத்தாச்சு" என்றேன். பொய்யில்லை, பாருங்கள்!

கெடு முடிந்த மறுநாள் காலை அந்தக் காகிதம் என் மேசைத் தபால் தட்டுக்கு வந்தது. கீழே அதிகாரியின் எழுத்தில் 'மேல்நடவடிக்கைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது'. நானே நம்பர் போட்டேன். நானே ஸ்டாம்பு ஒட்டினேன். மதராஸிலிருந்து ஒரு மாதத்தில் பதில் வந்துவிட்டது: மேல்முறையீடு உரிய காலத்தில் ஆதாரம் இன்மையால் தள்ளுபடி, காலம் கடந்து வந்த சாட்சியம் ஏற்கப்படவில்லை. என்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. அந்த வருடம் என்னை ஹெட்கிளார்க் ஆக்கினார்கள். சிபாரிசு செய்தவர் அவரேதான்.

அதற்கப்புறம் நான் பார்த்த உத்தியோகமெல்லாம் உத்தியோகமே இல்லை. என் மேசைக்கு மனு கொண்டுவந்தவர்கள் யாரிடமும், எழுது என்றும் சொன்னதில்லை, எழுதாதே என்றும் சொன்னதில்லை. "யோசிச்சுக்குங்க" என்பேன். அந்த அதிகாரி ஓய்வு பெற்றபோது மாலை வாங்கப் போனதும் நான்தான்.

சென்னியப்பன் சிங்காநல்லூரில் ஒரு மில் வாசலுக்கெதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். இரண்டு வருடம் அப்படிப் போனது. ஒருநாள் காலை என்ன தோன்றியதோ, இறங்கிவிட்டேன். ஷிப்டு விட்டு ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர் ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார், இடது கையில் அந்தப் புள்ளிகள். என்னைக் கண்டதும், "வாங்க கிளார்க்கய்யா, உக்காருங்க" என்று முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

ஊர்ப்பேச்சு கொஞ்ச நேரம் பேசினோம். பிறகு அவரே கேட்டார்.

"அந்த ஒரு வரி எழுதுனீங்களாங்க?"

"எழுதுனனுங்க. ஒரு பக்கமே எழுதுனேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மலர்ச்சியை என்னால் தாங்க முடியவில்லை. "அப்படீங்களா! நான்தான் தப்பா நினைச்சுப்போட்டேன். அப்பறம் எப்படீங்க போய்ச் சேரலே? யாருகிட்டக் குடுத்தீங்க?"

சொன்னேன்.

கையிலிருந்த பம்பைக் கீழே வைத்தார்.

"அவருகிட்டயேவாங்க?"

கோபமில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. என்னை ஏதாவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். "வெயில் ஏறுதுங்க, நீங்க கெளம்புங்க" என்று முக்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. இறந்துபோய்ப் பல வருடம் ஆயிற்று என்று கேள்வி.

சங்கத்துக்காரருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கட்டுரை நீளமாகிவிட்டது. மலரில் இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. அதிகாரியிடம் காட்டித்தான் அச்சுக்குக் கொடுப்பீர்கள் என்பதும் தெரியும். எல்லாவற்றையும் வெட்டினாலும் சென்னியப்பன் என்ற பெயரையும், அவர் கேட்ட அந்த ஒரு வரியையும் மட்டும் விட்டுவையுங்கள். அந்தச் சுவருக்கு நாங்கள் வெள்ளையடிக்கவில்லை.